குணாவின் ரெக்கார்ட் நோட்டு

பாப்பா,

புதன்கிழமை சாயங்காலம் நீ கடைக்கு வந்தாய். ரைஸ்மில்லிலிருந்து வந்த மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். ‘‘அப்பா, நீங்க ஒரு வருஷம் பிசிக்ஸ் படிச்சீங்க இல்ல, ஃபர்ஸ்ட் இயர்ல இன்னா இன்னா இருக்கும்? கஷ்டமா?’’ என்று கேட்டாய். நான் தலையைத் தூக்காமல், ‘‘போய்ப் பாத்தா தெரியப்போவுது’’ என்றேன். நீ விடவில்லை. ‘‘குணா சார்கிட்ட கேட்டேம்பா. உங்க அப்பாவையே கேளும்மான்னாரு. காலேஜ்ல அவரு ரெக்கார்ட் நோட்டு தொலைஞ்சப்போ ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து ரீடிங் எல்லாம் படிச்சிச் சொன்னது நீங்கதானாமே? அந்த உதவிய மறக்கவே மாட்டேன்னாரு.’’ நான் எழுந்து, வார்னிஷ் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அன்றைக்கு வார்னிஷ் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. டப்பா நிறைய இருந்தது. நீயும் அதைப் பார்த்திருப்பாய்.

திங்கட்கிழமை காலையில் நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். அதற்குள் உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் மனசு மாறிவிடும்: எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற பெண்மேல் அப்பனுக்குப் பொறாமை வருமா என்று கேட்காதே, வருகிறது. நீ கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு, ஏதோ கதைப்புத்தகம் படிப்பதுபோல அந்தத் தடிப் புத்தகத்தைப் படிப்பாய். நடுவில் ஒரு இடத்தில் ‘ஓ’ என்பாய். அந்த ‘ஓ’ என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எரியும். அந்த ஒரு ‘ஓ’வுக்காக நான் ஒரு வருஷம் வேலூர் பஸ்ஸில் போய் வந்தேன். எனக்கு அது வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு வந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். முதல் வாரம் உனக்குச் சப்பென்று இருக்கும். அளவு, அலகு, வெர்னியர், வெக்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையே மறுபடி ஆரம்பிப்பார்கள். இதுதானா என்று நினைத்துக்கொண்டு பின்பெஞ்சில் சாய்ந்துவிடாதே. நான் சாய்ந்தேன். மூன்றாவது வாரம் நிமிர்ந்து பார்த்தால் போர்டு முழுக்க எனக்குத் தெரியாத எழுத்து. பள்ளியில் சூத்திரத்தைக் கொடுப்பார்கள், நாம் எண்ணைப் போட்டு விடை எடுப்போம். அங்கே, அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது, எதுவரைக்கும் செல்லும், எங்கே செல்லாது என்று கேட்பார்கள். கணக்கு வகுப்பில் தனியாகப் படித்த வகையிடலும் தொகையிடலும் திடீரென்று பிசிக்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாத்தியார் வேகமாகப் போவார். ‘‘எல்லாருக்கும் புரிஞ்சிதா?’’ என்பார். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது, நமக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைப்பாய். அது பொய். அந்த அறுபது பேரில் ஐம்பது பேர் உன்னைப்போலத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தமிழில் படித்துவிட்டுப் போன எங்களுக்கு இங்கிலீஷ் வேறு. நாங்கள் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்ததை அவர் ‘மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா’ என்று சொன்னபோது, ஏதோ ஒரு கணநேரத்தைச் சொல்கிறார் என்று நான் ஒரு மாதம் நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். பள்ளியில் முதல் மார்க் வாங்கியவன் எழுந்து நின்று சின்னக் கேள்வி கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

குணசேகரன் கேட்பான். உன் குணா சாரைத்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் அவர் அந்தக் காலத்துக் குணாவாகத்தான் வருவார், பொறுத்துக்கொள். தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஆரணி வருவான். நான் இங்கே பஸ் ஸ்டாண்டில் அவனோடு சேர்ந்துகொள்வேன். இரண்டு பேரும் வேலூர் பஸ்ஸில் போவோம். அவன் வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் மற்றவர் நிலத்தில் வேலை செய்தார்கள். எங்கள் வீட்டில் உன் தாத்தா முள்ளிப்பட்டு ஊர்த் தறிகளுக்குப் பட்டுநூல் கொடுத்துப் புடவை வாங்குகிறவர். நான் இஸ்திரி போட்ட சட்டையில் போவேன். அவனிடம் இருந்தது இரண்டே சட்டை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முதல் நாளே நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். இவனுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், இவன் என்னிடம் கேட்டுக்கொள்வான் என்று. முதல் மாதத்திலேயே அது தலைகீழாகப் போனது. வகுப்பில் கையைத் தூக்கி, ‘‘சார், அந்த மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சி?’’ என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். வாத்தியார் சிரிக்காமல் திரும்பி நின்று மறுபடி ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு சிரித்தவர்கள் எல்லாம் குனிந்து எழுதிக்கொள்வார்கள். நானும்தான்.

முதல் தேர்வில் உன் மார்க்கைப் பார்த்து அழப்போகிறாய். இப்போதே சொல்லிவைக்கிறேன். பத்து கணக்குகள் மனப்பாடம் செய்துகொண்டு போனால், பதினோராவது கணக்கு வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. ஒரு பஸ் பிரேக் போடுகிற கணக்கு. தெரிந்த சூத்திரத்தில் எதையோ போட்டு ஏதோ ஒரு விடையை எழுதி, அதற்குக் கட்டமும் கட்டினேன். குணாவின் விடையும் தப்புதான். ஆனால் அவன் அதற்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தான்: ‘இந்த விடைப்படி பஸ் சத்தத்தைவிட வேகமாகப் போகிறது. இது நடக்காது. எங்கோ தப்பு செய்திருக்கிறேன், தேட நேரம் இல்லை.’ வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிக்காட்டி வகுப்பு முழுக்கப் படித்தார். ‘‘விடை தப்பு. ஆனா இந்த ஆளு பிசிக்ஸ் பண்ண ஆரம்பிச்சிட்டான்’’ என்றார். என் மார்க் அவனைவிட அதிகம். என் தாளை யாரும் தூக்கிக்காட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் பேசிக்கொண்டே வந்தான். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு லேப். லேபில் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். எனக்குக் குணா. தனி ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கிற பரிசோதனை, நீயும் பண்ணியிருப்பாய். இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். நான் எண்ண, அவன் கடிகாரத்தைப் பார்த்தான். கணக்குப் போட்டால் 9.8 வரவேண்டிய இடத்தில் 10.8 வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 9.8 வரவேண்டுமென்றால் எத்தனை வினாடி ஆகியிருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, நூலின் பத்து நீளத்துக்கும் பத்து ரீடிங்கை பென்சிலால் அழகாக எழுதிவிட்டேன். குணா எழுதவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் அந்த நூலையே ஆட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் ஓடிவந்தான். ‘‘டேய், தப்பு கெடச்சிடுச்சி டா! குண்ட விடும்போதே நீ ஒண்ணுன்னு எண்ணிட்ட. பூஜ்யம்னு ஆரம்பிச்சிருக்கணும். நாம எண்ணினது இருபது இல்ல, பத்தொம்பது!’’ என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிந்தது. தப்பு என்னுடையது, கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும் அவனுடையதா?

அடுத்த வகுப்பில் வாத்தியார் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குணா பழைய ரீடிங்கை ஒரே கோட்டால் அடித்து, ஏன் தப்பு என்று எழுதி, புதிய ரீடிங்கைக் கீழே கொடுத்திருந்தான். அதைப் பார்த்துத் தலையாட்டினார். என் நோட்டைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். ‘‘பத்து நீளத்துக்கும் அச்சு மாதிரி ஒரே பதில் வந்திருக்கே தம்பி. நூல் ஆடிச்சா, உன் பென்சில் ஆடிச்சா?’’ வகுப்பே சிரித்தது. குணா மட்டும் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூட நான் அவனை மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் என்னைப் பாவம்போலப் பார்த்தான்.

அந்த வருஷக் கடைசியில் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இது உனக்கும் வரும். லேபில் எடுத்த ரீடிங்கை எல்லாம் படத்தோடு, அட்டவணையோடு சுத்தமாக எழுதி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கி, கடைசியில் துறைத் தலைவர் முத்திரை போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்குள்ளேயே விடுவார்கள். மொத்தம் பதினாறு பரிசோதனை. குணா எல்லாவற்றையும் முடித்துவிட்டான். படம் போட வேண்டும், கொடு என்று ஒரு வெள்ளிக்கிழமை அவன் நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை திருப்பித் தரவில்லை. ‘‘பஸ்ஸுல வச்சிட்டு எறங்கிட்டேன் டா’’ என்றேன். நோட்டு எங்கள் வீட்டில், உன் தாத்தாவின் பட்டு மூட்டைகளுக்கு அடியில் இருந்தது.

பாப்பா, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். உன் அம்மா என்ன எழுதறீங்க என்று கேட்டாள். கொட்டேஷன் என்றேன். இப்போது திரும்பி வந்திருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவன் ஒரு தடவையாவது என்னிடம் வந்து நிற்கட்டும் என்று இருந்திருக்கும். அவன் என்னைத் திட்டவில்லை. பஸ் டிப்போவுக்கு ஓடினான். நானும் கூடவே போனேன், அதையும் சொல்கிறேன். ஒவ்வொரு கண்டக்டரிடமும் அவன் கையைக் கட்டிக்கொண்டு, ‘‘அண்ணே, பழுப்பு அட்டை போட்ட நோட்டுண்ணே’’ என்று கேட்க, நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். துறைத் தலைவர் கண்டிப்பானவர். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் முழு ரெக்கார்டும் வரவில்லையென்றால் தேர்வுக்கு வராதே என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை விடிகாலையில் குணாவின் அக்காவுக்குத் தேவிகாபுரத்தில் கல்யாணம். பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. குணா ஒரே தம்பி.

ஊருக்குப் போனால் முடியாது என்று அவன் ஹாஸ்டல் பையன் ஒருவன் அறையில் தங்கிக்கொண்டான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் லைப்ரரியில் உட்கார்ந்து எழுதினான். லேபில் கிறுக்கிய நோட்டு அவனிடம் இருந்தது. அதிலிருந்து நான் ரீடிங்கைப் படித்துச் சொன்னால் ஜல்தியா முடியும் என்றான். நான் படித்தேன். ‘‘பூஜ்யம் புள்ளி நாலு ரெண்டு.’’ ‘‘ம்.’’ ‘‘பூஜ்யம் புள்ளி நாலு மூணு.’’ ‘‘ம்.’’ எழுதிக்கொண்டே அவன் எனக்கு விளக்கிக்கொண்டும் போனான். இந்த ரீடிங் ஏன் கூடியது, இந்தக் கம்பி ஏன் அவ்வளவு நேரம் முறுக்கி ஆடியது, இந்தப் பிழை எங்கே உள்ளே வந்தது என்று. உண்மையைச் சொன்னால், ஒரு வருஷத்தில் எனக்குப் பிசிக்ஸ் புரிந்தது அந்த இரண்டு நாளில்தான். திருடனுக்குத் திருட்டுக் கொடுத்தவனே பாடம் எடுத்தான்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்து மூட்டையை நகர்த்தி அந்த நோட்டை வெளியே எடுத்தேன். கொடுத்துவிடுவது என்றுதான் எடுத்தேன். வியாழக்கிழமை காலை பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லைப்ரரிக்குள் போனால் குணா கடைசிப் பரிசோதனையில் இருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. ‘‘இப்ப தாலி கட்டி முடிச்சிருப்பாங்க இல்ல?’’ என்றான். கடிகாரத்தைப் பார்த்தேன். முடிந்திருக்கும் என்றேன். அவன் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டு, ‘‘நீ மட்டும் இல்லன்னா நான் செத்தேன் டா’’ என்றான். பையின் ஜிப்பில் என் கை இருந்தது. எடுத்துவிட்டேன். கையைத்தான், நோட்டை இல்லை. ‘‘அடுத்த ரீடிங் சொல்லவா?’’ என்று கேட்டேன். அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். அக்கா தன் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். கூடப் பிறந்த தம்பி செய்ய வேண்டிய சடங்கைச் சித்தப்பா மகன் செய்தான்.

தேர்வு வந்தது. குணா துறையிலேயே முதல். எனக்கு மெக்கானிக்ஸ் பேப்பர் போய்விட்டது. ஒரே ஒரு அரியர், எவ்வளவோ பேருக்கு அதைவிட அதிகம் இருந்தது. அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கலாம். உனக்கும் ஒரு பேப்பர் போனால் எழுது, அதில் ஒன்றுமே இல்லை. நான் எழுதவில்லை. லீவு முடிந்து கல்லூரி திறந்தபோது அந்த பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார என்னால் முடியவில்லை. போகவில்லை. உனக்கும் உன் அம்மாவுக்கும், தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் படிப்பை நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? தாத்தாவுக்கு உடம்புக்கு வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. இரண்டையும் நானாகத்தான் ஒட்டிவைத்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. குடும்பத்துக்காகப் படிப்பைத் தியாகம் செய்த அப்பா என்று நீ எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். அந்தப் பரிசுத் தட்டை இன்னும் ஷோகேஸில் வைத்திருக்கிறாள் உன் அம்மா.

பிறகு மோட்டார் ரீவைண்டிங் கற்றுக்கொண்டேன். கடை வைத்தேன். பவர்லூம்காரர்களும் மில்காரர்களும் வந்தார்கள். குணா எங்கோ படித்து எங்கோ வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன், தேடவில்லை. நீ பிளஸ் ஒன் சேர்ந்த மாதம் வந்து, ‘‘புதுசா பிசிக்ஸ் சார் வந்திருக்காருப்பா, தேவிகாபுரமாம், சூப்பரா நடத்துறாரு’’ என்றாய். அடுத்த வாரமே, ‘‘அவருக்கு உங்களத் தெரியுமாம், ஒரே காலேஜாமே’’ என்றாய். ‘‘ஒரே பஸ்ஸு, அவ்ளோதான்’’ என்றேன். அன்றையிலிருந்து இரண்டு வருஷம், சாப்பிட உட்கார்ந்தால் குணா சார் சொன்னாரு, படுக்கப்போனால் குணா சார் சொன்னாரு. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட நான் வராமல் உன் அம்மாவை அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? வேலை என்று சொன்னேன். வேலை எதுவும் இல்லை. என் பெண் வேறொருவனை அண்ணாந்து பார்ப்பதை என்னால் போய் நின்று பார்க்க முடியவில்லை.

ஒருநாள் கடையில் ஒரு மூன்று பேஸ் மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு பேஸ் போய்விட்டது என்று சத்தத்திலேயே சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் நின்று, ‘‘மூணும் இருந்தாதான்பா காந்தப்புலம் சுத்தும். ஒண்ணு போயிட்டா அது முன்னயும் பின்னயும் ஆடும், சுத்தாது. அதான் உறுமுது. குணா சார் கயித்த வச்சிக் காட்டினாரு’’ என்றாய். இருபது வருஷமாக அந்த உறுமலைக் கேட்கிறேன், சரிசெய்கிறேன். அது ஏன் உறுமுகிறது என்று இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. ‘‘அதெல்லாம் புக்குல. கடையில வேற’’ என்று உன் வாயை அடைத்தேன். வேறு இல்லை பாப்பா. கடையிலும் அதேதான். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

ரிசல்ட் வந்த பிறகு அவர் வீட்டுக்கே வந்தார். நீ கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்துக்கொண்டிருந்த சமயம். நீ தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாய். ‘‘பாப்பாவுக்கு பிசிக்ஸ் நல்லா வருதுங்க. கெடுத்துடாதீங்க’’ என்றார். என்னை ‘நீங்க’ என்றார். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். ‘‘பிசிக்ஸ் படிச்சி இன்னா ஆவப்போவுது? உங்கள மாரி வாத்தியாரா?’’ அவர் கோபப்படவில்லை. ‘‘ஆனாலும் நல்லதுதாங்க’’ என்று எழுந்து போய்விட்டார். நீ ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கடைசியில் உன் அம்மாதான், ‘‘அவ படிக்கட்டும், உங்க பேஜாரு உங்களோட இருக்கட்டும்’’ என்று ஃபார்மில் கையெழுத்துப் போட வைத்தாள். வேலை கிடைக்காது என்ற பயத்தில் மறுக்கவில்லை நான். நான் பாதியில் விட்டதை நீ முடித்துவிடுவாய் என்றுதான் மறுத்தேன். அதுவும் அவன் கையால்.

இத்தனைக்குப் பிறகு புதன்கிழமை நீ வந்து, அவர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னாய். வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த நோட்டு என்னிடம்தான் இருந்தது. கிழித்துப்போட மனசு வரவில்லை. செப்புக்கம்பி வைக்கிற அலமாரியில் ஒரு துணியில் சுற்றி இருந்தது. அவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ‘‘வாங்க வாங்க, பாப்பா திங்கக்கெழமதானே?’’ என்று நாற்காலி போட்டார். நான் உட்காராமல் நோட்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முதல் பக்கத்தைத் திறந்தவர், தன் பெயரைப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார், பாப்பா. சின்னப்பிள்ளைபோல. ‘‘எங்க கெடச்சிது? இத்தன வருஷம் கழிச்சி? யாரு வச்சிருந்தாங்க?’’

‘‘பஸ்ஸுல வுடல’’ என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிப்பு முகத்தைவிட்டுப் போக நேரமானது. நோட்டை மூடினார். உள்ளேயிருந்து அவர் மனைவி டீ போடவா என்று கேட்டார்கள். வேணாம் என்றார். ‘‘அக்கா கல்யாணம் டா அது’’ என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னை ‘டா’ என்றார். ‘‘கல்யாண போட்டோவுல நான் இல்ல. ‘படிப்பு வந்ததும் அக்கா உனக்குச் சின்னவளா பூட்டாளா’ன்னு கேட்டு ரெண்டு வருஷம் அது எங்கூட பேசல. இன்னிக்கும் மனசுல வச்சிகினுதான் இருக்குது.’’ பிறகு, ‘‘பக்கத்துல உக்காந்து படிச்சிச் சொன்னியே. எப்படி டா படிச்ச?’’ என்று கேட்டார்.  ஏன் செய்தாய் என்றும் கேட்டார்.  ‘‘பொறாமை’’ என்றேன். ‘‘எம்மேலயா? எங்கிட்ட இன்னா டா இருந்திச்சி? ரெண்டு சட்டை.’’

மன்னித்துவிடு என்று கேட்டேன். அவர் வாசல்வரைக்கும் வந்தார். ‘‘பாப்பாவுக்குத் தெரியுமா?’’ என்றார். தெரியாது என்றேன். ‘‘உன்னப் பத்தி அதுகிட்ட நல்லவிதமா சொல்லி வச்சிட்டேன். பொய்யாப் பூடிச்சி. அது ஊருக்குப் போறதுக்குள்ள நீயே சொல்லிடு.’’ நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆகவே, முதல் வருஷத்தில் என்ன இருக்கும் என்று கேட்டாயே, இதுவும் இருக்கும். உன் பக்கத்து பெஞ்சில் உன்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிற ஒரு பெண் இருப்பாள். ஆரணியில் நீ முதல், அங்கே வருகிற எல்லாரும் அவரவர் ஊரில் முதல். உனக்கு எரியும். எரியாது என்று நான் சொல்ல மாட்டேன், நீ என் ரத்தம். எரிகிற அன்றைக்கு அவளிடமே போய், ‘இது எனக்குப் புரியல, சொல்லித் தா’ என்று கேள். அதைக் கேட்க வெட்கமாக இருக்கும். கேட்டுவிட்டால் அப்புறம் அவளுடைய நோட்டை ஒளித்துவைக்கத் தோன்றாது. நான் கண்ட ஒரே மருந்து அது, அதையும் நான் குடித்துப் பார்த்ததில்லை. லேபில் வந்த எண்ணையே எழுது. 10.8 வந்தால் 10.8. ஒரு கணக்குக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனால் நேரம் வீணாகிவிட்டதே என்று அழாதே. லீவுக்கு வரும்போது படித்ததை எனக்குச் சொல். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் சொல். நடுவில் எங்காவது எழுந்து போனால், அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது என்று நினைக்காதே. பொறாமைதான் வந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்காருவேன்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நேராக அவர் வீட்டுக்கு ஓடி, ‘எங்க அப்பாவ மன்னிச்சிடுங்க சார்’ என்று நிற்பாய். நிற்காதே. உன்னைப் பார்த்தால் அவர் மனசு இளகிவிடும், மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார். அப்படி உன் வழியாக வருகிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதையும் நான் உன்னை வைத்து அவரிடமிருந்து பறித்துக்கொண்டதாக ஆகும். அவரிடம் ‘போய் வருகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வா.

நேற்று காலையில் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. வணக்கம் இல்லை, பேர் இல்லை. தேவிகாபுரத்துக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்தத் தெருவில் திரும்பினால் அவர் அக்கா வீடு வரும் என்று வழி மட்டும் எழுதியிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நான் அங்கே போகிறேன். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்து யாரு என்று கேட்டால், உங்க கல்யாணத்துக்கு உங்க தம்பி வராததுக்குக் காரணம் நான்தாங்க என்று சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வாக்கியம் என்ன என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் யோசித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா